அம்மாவுக்கு ராத்திரியில் குரக்களி: மெக்னீசியம் மாத்திரை கொடுக்கலாமா?

பவானிக்காரி:

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது. கொஞ்ச மாதங்களாக நடு ராத்திரியில் கெண்டைக்காலில் குரக்களி பிடித்து அலறிக்கொண்டு எழுந்திருக்கிறார். தொட்டால் சதை கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. பாதத்தை முட்டிப் பக்கமாக வளைத்துப் பிடித்துக்கொண்டு தைலம் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் விடும். விஷயம் தெரிந்து என் நாத்தனார் பெங்களூரிலிருந்து மெக்னீசியம் கிளைசினேட் டப்பா ஒன்று அனுப்பிவிட்டார். "இப்போ எல்லாரும் இதைத்தான் போடறாங்க அண்ணி, தூக்கமும் நல்லா வரும்" என்கிறார். டப்பாவில் 1000 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. நாளைக்கு 300, 400 தான் தேவை என்று படித்திருந்ததால் இன்னும் சீலைப் பிரிக்கவில்லை.

அம்மா சாப்பிடும் மருந்துகள்: பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, சுகருக்கு மெட்பார்மின், கேஸுக்குக் காலையில் வெறும் வயிற்றில் பான்டாப்ரசோல். கடைசியாகச் சொன்னது மூட்டு வலி மாத்திரை சாப்பிட்ட காலத்தில் ஆரம்பித்தது. வலி மாத்திரை நின்று வருஷங்கள் ஆகிவிட்டன, இது மட்டும் தொடர்கிறது. ரத்தத்தில் மெக்னீசியம் 1.8, நார்மல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி தோசை. பல் சரியில்லாததால் சுண்டல், கடலை பக்கமே போகமாட்டார். கொடுக்கலாமா?

ஓட்டக்காரன்:

தாராளமாகக் கொடுங்கள். நான் தினமும் ராத்திரி போடுகிறேன், படுத்ததும் தூக்கம். கால் பிடிப்பும் இல்லை. உப்புச் சத்துதானே, என்ன ஆகிவிடப் போகிறது?

மருந்துக்கடைக்காரன்:

ஓட்டக்காரரே, உங்களுக்கு ஒத்துக்கொண்டது நல்லது. ஆனால் நீங்கள் பிரஷர், சுகர், கேஸ் மூன்றுக்கும் மாத்திரை போடும் 66 வயது அம்மா இல்லையே!

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்தில் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். கேஸ் மாத்திரையை வருஷக்கணக்கில் பட்டை பட்டையாக வாங்கிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று கேட்டால் பாதிப் பேருக்கு நினைவே இருக்காது. உங்கள் அம்மா பட்டியலில் என் கண்ணில் முதலில் பட்டதும் அந்தப் பான்டாப்ரசோல்தான். ஒமெப்ராசோல், ரபெப்ரசோல் எல்லாம் அதே குடும்பம். இவற்றை நீண்ட நாள் சாப்பிட்டால் குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவது குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே எச்சரித்தது. அவர்கள் பார்த்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் சரியாகவில்லை, கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் அளவு ஏறியது. இது ஒரு பக்கம். பிரஷர் மாத்திரையில் உள்ள தயசைடு சிறுநீரில் மெக்னீசியத்தை வெளியேற்றும். சுகர் கட்டுக்குள் இல்லை என்றால் அதுவும் சிறுநீரில்தான் போகும். அடியில் மூன்று ஓட்டை இருக்கிற குடத்தில் டப்பா டப்பாவாக ஊற்றி என்ன பிரயோஜனம்?

அதற்காகப் பான்டாப்ரசோலை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்சு எரியும், "பாத்தியா, இது இல்லாம முடியல" என்று அம்மா மறுபடி ஆரம்பித்துவிடுவார். டாக்டரிடம் "வலி மாத்திரை நின்றுவிட்டது, இது இன்னும் தேவையா?" என்று மட்டும் கேளுங்கள். படிப்படியாகக் குறைப்பார், அல்லது ஃபாமோடிடின் மாதிரி வேறொன்றுக்கு மாற்றுவார். தேவை என்றே சொன்னால் அதற்கும் காரணம் இருக்கும்.

அந்த 1.8ஐ வைத்து நிம்மதியாகிவிட முடியாது. பெரியவர்கள் உடம்பில் மொத்தம் 25 கிராம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மீதி பெரும்பாலும் சதையிலும் மற்ற திசுக்களிலும். ரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. டெஸ்டில் குறைந்திருந்தால் குறைவு உறுதி, நார்மல் என்றால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. கூடவே பொட்டாசியம், கால்சியம், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். மெட்பார்மின் சாப்பிடுவதால் பி12ம் பாருங்கள், அது குறைந்தாலும் கால் மரத்துப் போகும், எரியும். கிரியேட்டினின் முக்கியம். கிட்னி சரியாக இருந்தால் கூடுதல் மெக்னீசியத்தை வெளியேற்றிவிடும், பழுதாக இருந்தால் ரத்தத்தில் தங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும். "என்ன ஆகிவிடப் போகிறது" என்பதற்கு இதுதான் பதில்.

குரக்களிக்கு மெக்னீசியம் கேட்குமா? எங்கள் கடையில் பலர் கேட்கிறது என்கிறார்கள். ஆனால் ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2020ல் வந்தது, வயதானவர்களின் கால் பிடிப்புக்குச் சொல்லும்படியான பலன் இருக்க வாய்ப்பில்லை என்றுதான் முடித்திருக்கிறார்கள். உடம்பில் உண்மையிலேயே குறைவாக இருப்பவர்கள் கதை வேறு. படுக்கும் முன் சுவரில் கையை ஊன்றி, குதிகால் தரையில் இருக்க, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். அதற்குக் காசு கிடையாது.

டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் "எலிமென்டல் மெக்னீசியம்", அதாவது மாத்திரையில் உள்ள மெக்னீசியம் மட்டும், எவ்வளவு என்று போட்டிருக்கிறது, எத்தனை மாத்திரைக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பவானிக்காரி:

பார்த்தேன் அண்ணா. "2 மாத்திரைக்கு" என்று ஆரம்பித்து, மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி., அதற்குக் கீழே எலிமென்டல் 140 மி.கி. என்று இருக்கிறது. அப்படியென்றால் ஒரு மாத்திரையில் 70 தானா?

மருந்துக்கடைக்காரன்:

அதேதான். கிளைசினேட்டில் ஏழில் ஒரு பங்குதான் மெக்னீசியம், மற்றதெல்லாம் கிளைசின். ஆக்சைடில் அறுபது சதவீதம் இருக்கும், ஆனால் உடம்பில் சேர்வது குறைவு, நிறையப் பேருக்கு வயிறு கலகலத்துவிடும். நம் பாட்டிமார் கொடுத்த பேதி உப்பு மெக்னீசியம் சல்பேட்தான், அது வேலை செய்ததும் இதே வழியில்தான்.

கேப்பைக்களி:

நடுவில் வருகிறேன். மதுரையிலிருந்து. அந்த 70 மில்லிகிராமுக்கு இத்தனை பேச்சா? 50 கிராம் கேப்பை மாவில் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கிறது, பல்லும் வேண்டாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 100 கிராம் கேப்பைக்கு 146 மி.கி., கம்புக்கு 124, தீட்டிய வெள்ளை அரிசிக்கு 19 மட்டுமே. தவிடோடு சேர்ந்து போய்விடுகிறது. வடித்த கஞ்சியைக் கொட்டினால் அதிலும் கொஞ்சம் போகும். அதே நிறுவனம் 2020ல் பெண்களுக்கு நாளைக்கு 370 மி.கி., ஆண்களுக்கு 440 என்று பரிந்துரைத்திருக்கிறது. ரசம் சாதத்தை வைத்துக்கொண்டு எங்கே எட்டுவது?

பல் இல்லாதவர்களுக்கு எங்கள் வீட்டு வழி: எள்ளையும் நிலக்கடலையையும் வறுத்துப் பொடித்து இட்லிப் பொடியோடு கலந்துவிடுவேன். மாமியார் தெரியாமலே சாப்பிடுகிறார். முளைகட்டிய பச்சைப்பயறை அரைத்து அடை. தண்டுக்கீரையைக் குழையக் கடைந்து பருப்போடு. பூசணி விதையில் ஒரு கைப்பிடிக்கு 150 மி.கி. இருக்கிறது, அரைத்துச் சட்னியில் போடலாம். கேப்பையை முளைகட்டி மாவாக்கினால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். சுகர் இருப்பதால் கேப்பைக் கூழாகக் கரைத்துக் குடிப்பதைவிட அடை, தோசை நல்லது, கூழ் சட்டென்று சுகரை ஏற்றும்.

அப்புறம் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரா? கடினமான தண்ணீரில் மெக்னீசியம் இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 30 மி.கி. வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 100 வரை பரவாயில்லை என்று இந்தியத் தர நிர்ணயத்திலேயே இருக்கிறது. ஆர்.ஓ. அதையெல்லாம் கிட்டத்தட்ட முழுசாக வழித்துவிடும். போர் தண்ணீரை அப்படியே குடி என்று சொல்ல வரவில்லை, தட்டில் அதை ஈடுகட்டுங்கள் என்கிறேன்.

பவானிக்காரி:

ஆமாம் அக்கா, ஆர்.ஓ. தான். எள்ளுப் பொடி இன்றைக்கே அரைக்கிறேன், அம்மாவுக்கு எள் பிடிக்கும். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம், டெஸ்டுகளைக் குறித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம் அண்ணா. டப்பாவைத் திருப்பி அனுப்பினால் நாத்தனார் கோபித்துக்கொள்வார். நானே சாப்பிட்டுவிடலாமா? எனக்குத் தைராய்டு மாத்திரை மட்டும்தான்.

மருந்துக்கடைக்காரன்:

நாத்தனாருக்காக மாத்திரை சாப்பிடும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்! கிட்னி நன்றாக இருந்தால் இந்த 140ஆல் கெடுதல் ஒன்றும் வராது. மாத்திரை வழியாகப் போகும் மெக்னீசியத்துக்கு 350 மி.கி. என்று உச்ச வரம்பு இருக்கிறது, அதற்குள்தான் இது. ஆனால் தைராய்டு மாத்திரையோடு சேர்ந்து போனால் அதை உடம்பில் சேரவிடாது, குறைந்தது 4 மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். காலையில் தைராய்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இது. எப்போதாவது சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களில் இதை ஒதுக்கிவையுங்கள். அம்மாவுக்கு மட்டும் கிரியேட்டினின் பார்க்காமல் தராதீர்கள். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள்.