'ரீஜெனரேடிவ் டிரைவ்': மின்தூக்கி அறிவிப்புக்கு ஒரு சொல் வேண்டும்

சிங்கப்பூர், மொழிபெயர்ப்பாளர் – செவ்வாய் காலை

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

எங்கள் பேட்டையில் ஆறு புளோக்குகளின் மின்தூக்கிகளைப் புதுப்பிக்கிறார்கள். உள்ளே நான்கு மொழிகளில் ஒட்டும் அறிவிப்பின் தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மின்தூக்கியின் மோட்டாரை இயக்கும் 'ரீஜெனரேடிவ் டிரைவ்' என்ற கருவியின் பெயர் ஒன்றில்தான் நிற்கிறேன். 'மீளுருவாக்க இயக்கி' என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன், "உடைந்ததைத் திரும்பச் செய்தார்களா?" என்று கேட்டார். அவரைப் போன்றவர்கள்தான் அந்த அறிவிப்பைத் தமிழில் படிக்கப்போகிறவர்கள். உதவுங்கள்.

சென்னை, லிஃப்ட் பராமரிப்பு – செவ்வாய் மதியம்

வணக்கம். சைட்டில் நாங்கள் 'ரீஜென்' என்றுதான் சொல்வோம். சொல் தேடும் முன் வேலை என்ன என்று பார்த்துவிடலாம்.

பெட்டிக்கு மறுபுறம் தொங்கும் எதிரெடை, காலிப் பெட்டியின் எடையோடு முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்தது. 10 பேர், 680 கிலோ லிஃப்ட்டில் காலிப் பெட்டி 900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரெடை 1,240 கிலோ. 68 கிலோ ஆள் ஒருவர் மட்டும் மேலே போனால் எதிரெடைப் பக்கம் 272 கிலோ கூடுதல். பெட்டி தானே ஏறப் பார்க்கும். மோட்டார் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போது அது ஜெனரேட்டர் ஆகிவிடுகிறது. ஆள் நிறைந்து இறங்கும்போதும் இதே கதை.

பழைய டிரைவில் அந்த மின்சாரம் ரெசிஸ்டரில் சூடாகிப் போகும். அந்தச் சூட்டைத் தணிக்க மெஷின் ரூமில் ஏசி வேறு ஓடும். ரீஜென் டிரைவ் அதைக் கட்டடத்தின் மின் இணைப்புக்கே திருப்பி அனுப்புகிறது. மேலே சொன்ன கணக்கில் 30 மீட்டர் ஏறினால் சுமார் 22 வாட்-மணி. வழியில் இழப்பு போக, 20 வாட் குழல்விளக்கு அரை மணிக்கு மேல் எரியும். ஒரு தடவைக்கு இது கொஞ்சம்தான். நாள் முழுக்க ஓடும் உயரமான கட்டடத்தில் சேர்ந்துகொண்டே போகும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – செவ்வாய் இரவு

தம்பி தெளிவாக விளக்கினார், நன்றி. பத்தாம் வகுப்பில், துண்டானாலும் முழு உடலாக வளரும் பிளனேரியாப் புழுவின் 'ரீஜெனரேஷ'னுக்கு 'இழப்பு மீட்டல்' என்று ஏற்கெனவே நல்ல சொல் நடக்கிறது. வீணாகப் போவதை மீட்கிறோம் என்றால் 'மின்மீட்பு இயக்கி' போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'மின்தூக்கி' மின்னால் தூக்குவது. மூன்றாம் வேற்றுமைத் தொகை. 'மின்மீட்பு' மின்னை மீட்பது, இரண்டாம் வேற்றுமை. ஒரே அறிவிப்பில் 'மின்' இரண்டு வேலை செய்கிறது. படிப்பவருக்கு இடறாது என்றே நம்புகிறேன். ஆனால் 'லிஃப்ட்', 'ரீஜென்' என்று எழுதிவிடலாம் என்று யாரும் தொடங்க வேண்டாம்.

யாழ்ப்பாணம் – புதன் காலை

அன்பின் நண்பர்களே, எதிரெடை பற்றிப் படித்ததும் எங்கள் வளவுக் கிணற்றில் நீர் இறைக்கும் துலாதான் கண்ணில் வந்தது. துலாவின் பின்முனையில் பாரம் கட்டியிருக்கும். வெறும் வாளியை இறக்கத்தான் பலம் வேண்டும். நிறைந்த வாளியைப் பின்பாரமே தூக்கித் தரும். லிஃப்ட்டும் அதேதான். 'எதிரெடை' என்பதைவிடப் 'பின்பாரம்' வாயில் இலகுவாக நிற்கும்.

சொல்லுக்கு 'மீள்சக்தி' என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் ஆற்றல் என்பதை நாங்கள் சக்தி என்போம், நீங்கள் திறன் என்பது எங்களுக்கு வலு. போதாததற்கு இங்கே 'மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி' வேறு இருக்கிறது. சூரிய ஒளியோடு குழம்பிவிடும். 'மீள்மின்' என்றால் இரு கரைக்கும் பொதுவாக இருக்குமே?

சென்னை, லிஃப்ட் பராமரிப்பு – புதன் மதியம்

ஐயா கோபிக்கக் கூடாது. லிஃப்ட்டுக்குள் 'மீட்பு' என்று எழுதவே எழுதாதீர்கள். கரன்ட் போனால் பெட்டியைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும் கருவி ஒன்று உண்டு; அதுதான் மீட்புக் கருவி. மாட்டிக்கொண்டு பயந்து நிற்பவர் 'மின்மீட்பு' என்பதைப் பார்த்தால் அதைத்தான் நினைப்பார். இது உயிர் சம்பந்தப்பட்ட இடம்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – புதன் இரவு

ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் 'மீள்மின்' என்று எழுதலாமா? ளகரத்தின் முன் மெல்லினம் வந்தால் ணகரமாகத் திரியும். முள் + முனை முண்முனை. அப்படியே 'மீண்மின்'. மேகத்துக்குக் 'கொண்மூ' என்ற பழஞ்சொல்லைப் பாருங்கள். கொள் என்பதன் வழியே வந்தது, நீரைக் கொண்டது. கடலில் கொண்டதைத் திரும்பக் கடலுக்கே பொழிவதும் அதுதான். நாம் தேடும் பொருளே அதற்குள் இருக்கிறது. 'கொண்மின்' என்றுகூட...

கோயம்புத்தூர், பொறியியல் ஆசிரியர் – வியாழன் காலை

ஐயா, மீள்மின் வினைத்தொகை. கொல்களிறு திரியாமல் நிற்கிறது. தினமும் நெல் 'கொள்முதல்' என்கிறோம், 'கொண்முதல்' என்பதில்லை. 'மீண்மின்' என்றால் என் மாணவர்கள் மீனைத் தேடுவார்கள்.

இன்னொன்று. மின்சாரச் சிக்கனம் டிரைவோடு முடிவதில்லை. ஆள் போக்குவரத்துக் குறைந்த கட்டடங்களில், லிஃப்ட் சும்மா நிற்கும்போது எரியும் விளக்கும் விசிறியும் பேனலும், ஓடும்போது ஆவதைவிட அதிகம் தின்னலாம். லிஃப்ட் மின்செலவுக்கான ஐ.எஸ்.ஓ. 25745 தரநிலையும் அதைத் தனியாக அளக்கச் சொல்கிறது. அதற்குக் 'காத்திருப்பு மின்செலவு' என்று எழுதுங்கள். ஆள் இல்லாதபோது வேகம் குறையும் எஸ்கலேட்டருக்கும் அதே சொல் பொருந்தும். அது மின்படியா, நகர்படியா என்பதை வேறு இழையில் பேசுவோம்.

சிங்கப்பூர், மொழிபெயர்ப்பாளர் – வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ஐந்து பேர் 'மீள்மின் இயக்கி' பக்கம். அதையே அனுப்பிவிட்டேன். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இந்த மின்தூக்கி ஓடும்போது உண்டாகும் மின்சாரம் உங்கள் புளோக்கின் பயன்பாட்டுக்கே திரும்புகிறது." அம்மா அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். 'பின்பாரம்' அறிவிப்பில் இடம்பெறவில்லை, யாழ்ப்பாண நண்பர் மன்னிக்கவும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – வெள்ளி அதிகாலை

அச்சுக்குப் போயிருந்தால் போகட்டும் அம்மா. கொள்முதல் பிற்கால வழக்கு. அதை வைத்து விதி செய்யக் கூடாது. 'மீண்மின்' என்பதை அகராதிக் குறிப்பிலாவது ஒரு மாற்றாகப் பதிந்து வையுங்கள்.