டெகார்ட்டின் ‘இன்ட்யூஷன்’: ‘தெளிகாட்சி’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுமத்தினருக்கு, வணக்கம்.

பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்ட்டின் ‘இன்ட்யூஷன்’ (intuition) என்ற சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ் போடுவது என்பதுதான் கேள்வி. ‘உள்ளுணர்வு’ என்றே போட்டுவிடலாம், வழக்கில் இருக்கிற சொல்தானே என்று தேவகோட்டை ஆச்சி எழுதியிருந்தார்கள். வழக்கில் இருப்பதுதான் சிக்கல், ஆச்சி. “என்னமோ உள்ளுணர்வு சொல்லிச்சு, அந்த பஸ்ஸில் ஏறவில்லை” என்று நம் பக்கத்தில் பேசுகிறோம். காரணம் காட்ட முடியாத ஒரு மன உந்துதலைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. டெகார்ட் சொல்வது இதற்கு நேர் எதிரானது.

அவர் 1628 வாக்கில் முடிக்காமல் விட்ட ‘மனத்தை நடத்தும் விதிகள்’ என்ற நூலின் மூன்றாம் விதியைப் பாருங்கள். (லத்தீன் மூலம் அச்சேறியது 1701இல்தான், அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து.) ஐயமில்லாத அறிவுக்கு இரண்டே செயல்கள்தான் வழி என்கிறார். ஒன்று இன்ட்யூஷன், மற்றது உறுதியாகத் தெரிந்ததிலிருந்து இன்னொன்றை வருவிக்கும் டிடக்‌ஷன். மாறிக்கொண்டே இருக்கும் புலன்களின் சாட்சியமும், கற்பனை கூட்டிச் சேர்க்கும் தவறான முடிவும் இன்ட்யூஷன் ஆகாது என்று முதலிலேயே விலக்கிவிடுகிறார். கவனம் குவிந்த மனம் ஒன்றைப் பற்றும்போது ஐயத்துக்கு இடமே இல்லாதபடி அது விளங்குகிறதே, அதுதான் இன்ட்யூஷன். நான் இருக்கிறேன், நான் சிந்திக்கிறேன், முக்கோணத்துக்கு எல்லை மூன்றே கோடுகள், கோளத்துக்கு ஒரே பரப்பு: இவை அவரே தரும் எடுத்துக்காட்டுகள். இதில் ‘உணர்வு’ எங்கே இருக்கிறது?

புதுச்சொல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. டெகார்ட்டே அதே விதியில், அக்கால மெய்யியல் பள்ளிகளில் வழங்கிய பொருளைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை, லத்தீன் சொல்லின் நேர்ப்பொருளிலிருந்து தொடங்குகிறேன் என்று சொல்லித்தான் மேலே போகிறார். அந்த லத்தீன் வேரின் பொருள் ‘உற்று நோக்குதல்’. நமக்கும் அந்த உரிமை உண்டு. மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசனார் ‘மிருச்சகடிகம்’ என்ற வடமொழி நாடகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ ஆக்கினார். கேட்டவுடனே பொருள் கைக்கு வருகிறது. செட்டிநாட்டில் உட்கார்ந்து கலைச்சொல் பேசுகிற நமக்கு அதைவிட நல்ல முன்மாதிரி வேண்டியதில்லை.

மேலைச்சிவபுரி ஐயா முன்வைத்த ‘மானதக் காட்சி’யை நெடுநேரம் யோசித்தேன். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவையில் (அறியும் வழிகளைப் பேசும் பகுதியில்) காட்சி நான்கு: வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. ஐயா, சொல் அழகானது. ஆனால் அங்கே மானதம் என்பது புலன் வழி வந்ததை மனம் பற்றித் தெளிவது. டெகார்ட்டுக்குப் புலனே சந்தேகத்துக்கு உரியது. தன் இன்ப துன்பத்தைத் தானே உணரும் தன்வேதனைக் காட்சி ‘நான் இருக்கிறேன்’ என்பதற்கு ஓரளவு ஒட்டி வரும், முக்கோணத்துக்கு வராது. ஒரு தரிசனத்தின் சொல்லை அப்படியே எடுத்து இன்னொன்றின் தலையில் வைத்தால் இரண்டும் குழம்பிவிடும்.

என் பரிந்துரை: ‘தெளிகாட்சி’. வினைத்தொகை. ‘காட்சி’ என்றதும் சினிமாக் காட்சி நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். மெய்யுணர்தல் அதிகாரத்தில் 352ஆம் குறள் ‘மாசறு காட்சியவர்’ என்கிறது, அடுத்த குறளே ‘ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்’ என்கிறது. நமக்கு வேண்டிய இரண்டு சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. வள்ளுவர் பேசுவது பிறப்பறுக்கும் அறிவு, டெகார்ட் தொடங்குவது கணிதத்திலிருந்து. ஆகவே கொள்கையை அங்கே விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அடுத்து டிடக்‌ஷன். ‘கருதல்’ (அனுமானம்) வேண்டாம் என்பேன். கருதல் அளவை, புகையும் தீயும் சேர்ந்திருக்கக் கண்டதன் மேல் நிற்கிறது. மணிமேகலை 29ஆம் காதையிலும் அதற்கு அடுக்களைதான் திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). டெகார்ட்டின் வழியில் முன்பு கண்டது எதுவும் தேவையில்லை. 2+2=4, 3+1=4 என்று தனித்தனியே தெளிகாட்சி. அவற்றிலிருந்து 2+2=3+1 என்பது தவறாமல் பின்தொடர்ந்தே ஆகவேண்டும். இலங்கைத் தமிழ் நூல்களில் பழகிவிட்ட ‘உய்த்தறிதல்’ இதற்குப் போதும்.

இரண்டுக்கும் உள்ள உறவையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். நீண்ட உய்த்தறிதலில் முதல் கண்ணியை நினைவில் வைத்துக்கொண்டுதான் கடைசிக்கு வருகிறோம், நினைவோ பிசகும். அதனால் தொடரை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்து, முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும்வரை பழகு என்கிறது ஏழாம் விதி. பத்தாம் விதி இன்னும் எனக்குப் பிடித்தது. இந்தப் பழக்கத்தைப் பெறுவதற்கு நெசவையும் பின்னல்வேலையையும் கவனிக்கச் சொல்கிறார், ஒழுங்கு அங்கே கண்ணெதிரே இருக்கிறது என்பதால். கண்டாங்கி நெய்கிறவர்களும் ஓலைக் கொட்டான் (கூடை) முடைகிற ஆச்சிமாரும் வாழும் ஊர்க்காரர்கள் நாம். மாணவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்துத் தெருவுக்கே கூட்டிக்கொண்டு போகலாம்.

சரி, பதிவுக்கான வரையறை இப்படி: ‘தெளிகாட்சி: புலன் சாட்சியத்தையோ வேறு கூற்றையோ சாராமல், கவனமுள்ள மனம் ஓர் உண்மையை ஐயமின்றி நேரே காண்பது.’

‘நேரே’ வேண்டுமா, ‘ஒருங்கே’ வேண்டுமா என்று மேலைச்சிவபுரி ஐயா சொல்ல வேண்டும். ஏழாம் விதியில் வரும் ‘எண்ணிப் பார்த்து ஒன்றும் விடுபடாமல் சரிபார்த்தல்’ என்பதற்கும் ஒரு சொல் தேவை. அதற்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து