இலங்கையில வடக்கு, கிழக்கு மாகாண இணைப்பு 18 வருஷம் சட்டமா இருந்திச்சா இல்லையா?

கல்லடிப் பொடியன்:
எங்கட அம்மாட டீச்சர் நியமனக் கடிதத்துல மேல "வடக்கு கிழக்கு மாகாணம்" எண்டு கிடக்கு. 1988 செப்டெம்பர்ல ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன பிரகடனம் போட்டு ரெண்டு மாகாணத்தையும் சேர்த்தார், 2006 ஒக்டோபர்ல உயர்நீதிமன்றம் அது செல்லாது எண்டு சொல்லி 2007 ஜனவரி 1ல பிரிஞ்சு போச்சு. எனக்கு விளங்காதது, தொடக்கத்துலயே செல்லாதெண்டா இத்தின வருஷமும் இங்க நடந்தது என்ன? அம்மாட கடிதம் என்ன?

களுவாஞ்சிக்குடியான்:
தம்பி, ஒரு கேள்விக்குள்ள ரெண்டு கிடக்கு. செல்லுபடியா எண்டது ஒண்டு, நடைமுறையில இருந்திச்சா எண்டது மற்றது. சட்டத் தத்துவம் எழுதின எச்.எல்.ஏ. ஹார்ட் 1961லயே இத வடிவா பிரிச்சு வெச்சிட்டார், ஒரு விதி மேல இருக்கிற விதிக்குப் பொருந்துதா எண்டு பார்க்கிறதுதான் செல்லுபடி, ஆக்கள் பணிஞ்சாங்களா எண்டது வேற கதை. மாகாண சபைச் சட்டத்துல, சேர்க்க முந்தி ஆயுதம் கையளிக்கணும், சண்டை நிக்கணும் எண்டு இருந்த நிபந்தனைய அவசரகால ஒழுங்குவிதியால மாத்தினாங்க, அப்பிடி மாத்த அதிகாரம் இல்ல எண்டுதான் கோட் சொன்னது. ஆனா கந்தோர் திறந்திச்சு, சம்பளம் வந்திச்சு, அது பொய்யில்லயே. அம்மாட கடிதத்துக்கும் பயப்படாதீங்க, பதவிக்கு வந்த முறை பிழையெண்டாலும் அவர் சனத்துக்குச் செய்த வேலை செல்லும் எண்டு டி ஃபாக்டோ கோட்பாடு எண்டு ஒண்டு இருக்கு.

அக்கரைப்பற்று நானா:
அண்ணன் சொன்னது சரி, ஆனா ஹார்ட்ட ஒரு இடத்த விட்டுட்டீங்க. அவர்ட கணக்குல எது சட்டம் எண்டு தீர்மானிக்கிற அடிப்படை விதிய நீதவான்மாரும் அதிகாரிகளும் ஏத்துக்கிட்டாக் காணும், சனம் சும்மா பணிஞ்சாலே சட்ட ஒழுங்கு நிக்கும். எங்களுக்கு நோகுறது அங்கதான். கிழக்குச் சனத்துட்ட வாக்கெடுப்பு வெச்சுக் கேக்கிறதெண்டு சொன்னாங்க, வருஷா வருஷம் தள்ளிப்போட்டு கடைசிவரைக்கும் வெக்கல்ல. சேர்க்கக்குள்ளயும் கேக்கல்ல, பிரிக்கக்குள்ளயும் கேக்கல்ல. பிரிஞ்சது எனக்கு விருப்பம், உங்களுக்கு விருப்பமில்லாம இருக்கும், ஆனா செல்லுமா எண்டதும் நியாயமா எண்டதும் வேற வேற எண்டு ரெண்டு பேரும் ஒத்துக்கலாம். கேஸ்ல தீர்ந்தது முதலாவது மட்டும்தான்.

கல்லடிப் பொடியன்:
அப்ப மூண்டு கேள்விய ஒண்டாக் குழைச்சிருக்கன். ஆனா நானா, கோட்டுக்கு அதிகாரம் குடுத்த விதி செல்லும் எண்டு யார் சொன்னது? அதுக்கு மேல இன்னொரு விதி, அதுக்கும் மேல ஒண்டு எண்டு போய்ட்டே இருக்குமா?

களுவாஞ்சிக்குடியான்:
இல்ல தம்பி, ஒரு இடத்துல நிக்கும். ஆக மேல கிடக்கிற விதி செல்லுமா எண்டு கேக்கவே ஏலா, அத வெச்சு ஆக்கள் நடக்கிறாங்களா எண்டுதான் பார்க்கலாம். ஒரு மீற்றர் எவ்வளவு எண்டதுக்கு அளவாப் பரிஸ்ல இருந்த மீற்றர் கோல் சரியான மீற்றர்தானா எண்டு எத வெச்சு அளக்கிற? ஹார்ட்டே சொன்ன உதாரணம் இது.