ஓஎம்-1: வியூஃபைண்டரில் கரும்பட்டை, கிடைக்காத பேட்டரி. வாங்கலாமா?

கருப்புவெள்ளை கேட்டது:

வணக்கம். 50 மி.மீ. எஃப்/1.8 ஸுய்கோ லென்ஸோடு ஓர் ஒலிம்பஸ் ஓஎம்-1 ஃபிலிம் கேமரா விலைக்கு வந்திருக்கிறது. பேட்டரி இல்லாமலே எல்லா வேகத்திலும் ஓடும் கேமராதான் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஃபிலிமை நகர்த்தும் வைண்ட் லீவர் எங்கும் இடறாமல் ஓடுகிறது. எல்லா வேகத்திலும் ஷட்டர் சத்தம் கேட்கிறது. ஆனால் வியூஃபைண்டரில் குறுக்காக, ஓரம் பிசிறிய ஒரு கரும்பட்டை தெரிகிறது. பேட்டரி அறை காலி; 625 பாதரச பேட்டரி இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை என்கிறார்கள்.

அந்தப் பட்டை படத்தில் விழுமா? பேட்டரிக்கு என்ன வழி? ஷட்டர் வேகம் சரியா என்று கருவி எதுவும் இல்லாமல் பார்க்க முடியுமா? இந்தக் கேமராவைச் சின்னதாக இருப்பதற்காக மட்டும்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்களா?

பற்சக்கரம் எழுதியது:

பட்டை படத்தில் விழாது. ஃபிலிமுக்குப் போகும் ஒளி பிரிசம் (உருவத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பித் தரும் கண்ணாடிக் கட்டி) வழியாகப் போவதே இல்லை. ஆனால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள், அது வளரும்.

முதலில் அது பிரிசத்தில்தானா என்று உறுதி செய்யுங்கள். லென்ஸைக் கழற்றினால் மிரர் அறையின் மேல்பக்கம் ஒரு சிறு கொக்கி தெரியும். அதை மெதுவாக இழுத்தால் ஃபோகஸிங் ஸ்கிரீன் (நாம் பார்க்கும் உருவம் விழும் தகடு) தன் சட்டத்தோடு கீழே இறங்கும். ஓரத்துக் காதைப் பிடித்து எடுங்கள். முகப்பில் விரல் பட்டால் அந்த ரேகை போகாது. ஸ்கிரீன் இல்லாமல் பார்த்தும் பட்டை இருந்தால் பிரிசம்தான்.

காரணம் இது: பிரிசத்தைத் தொட்டபடி ஒரு ஃபோம் துண்டு வைத்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டில் அது தார் மாதிரி உருகி, பிரிசத்தின் பூச்சைத் தின்று, அடியிலிருக்கும் வெள்ளிப் படலத்தையும் அரித்துவிடுகிறது. ஓஎம் வரிசையில் பல கேமராக்களுக்கு இந்த வியாதி உண்டு. அரித்த வெள்ளி திரும்பாது, மேல்மூடியைத் திறந்து வேறு பிரிசம் மாற்ற வேண்டும். ஷட்டர் செத்துப்போன இன்னொரு ஓஎம் உடலிலிருந்து பிரிசம் எடுத்துப் போடுவதுதான் வழக்கம். பட்டை மெல்லியதாக இருந்தால், இப்போதே திறந்து ஃபோமை மட்டும் வழித்து எடுத்துவிட்டால் மேற்கொண்டு பரவாமல் நிற்கும். இந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மேல்மூடி திறக்கும்போதே பின்கதவின் ஒளிக்காப்பு ஃபோமையும் மாற்றச் சொல்லுங்கள். இதை வீட்டிலேயே செய்யலாம். ஷட்டர் திரை (ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் துணி) மேல் ஒரு காகிதத்தை வைத்து மூடி, மரப் பல்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, பள்ளத்தில் இருக்கும் பிசினைச் சுரண்டி எடுக்க வேண்டும். பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தாலே போதும். கீல் பக்கம் மட்டும் ஃபோம் அல்லது வெல்வெட் வேண்டும். மிரர் மேலே போய் மோதும் இடத்தில் இருக்கும் ஃபோமை மட்டும் பழைய கனத்திலேயே போடுங்கள். தடித்துவிட்டால் மிரர் முழுக்க ஏறாது.

மேலே ஃபிளாஷ் மாட்டும் ஷூ இருந்தால் அதன் பிளாஸ்டிக்கில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். கழற்றி மாட்டும் வகை அது, பலதும் உடைந்தே கிடைக்கும்.

ஒளிமானி எழுதியது:

பேட்டரி பற்றி நான் சொல்கிறேன். பாதரச பேட்டரி 1.35 வோல்ட், தீரும்வரை அந்த அளவிலேயே நிற்கும். இந்தக் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அதை நம்பித்தான் அமைந்திருக்கிறது. அதே அளவில் கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் முள் நகரும், சரியாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் வோல்ட் கூடியதால் மீட்டர் இருப்பதைவிட அதிக வெளிச்சம் காட்டும். அதை நம்பி எடுத்தால் படம் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்), சில ஒளியில் அதற்கும் மேல், இருட்டிப்போகும். ஃபிலிமின் ஒளியுணர்வை அமைக்கும் ஐஎஸ்ஓ வளையத்தைத் திருப்பிச் சரிக்கட்டலாம் என்பார்கள். வெயிலில் ஒரு அளவும் நிழலில் வேறு அளவும் தப்புவதால் அது நிற்காது. போதாததற்கு அல்கலைன் தீரத் தீர வோல்ட் இறங்கிக்கொண்டே வரும்.

எளிய வழி, காதுகேட்கும் கருவிக்குப் போடும் 675 ஸிங்க்-ஏர் பேட்டரி. மருந்துக்கடையிலேயே கிடைக்கும், 1.4 வோல்ட். விட்டம் 11.6 மி.மீ.தான், 625-இன் அறை 16 மி.மீ.க்கு ஆனது. சுற்றிலும் ஒரு ரப்பர் ஓ-ரிங் போட்டால் நடுவில் நிற்கும். ஸ்டிக்கரை உரித்ததும் இரண்டு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போடுங்கள். உரித்த நாளிலிருந்து படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

நிரந்தர வழி, மேல்மூடி திறக்கும் அதே சமயத்தில் மீட்டர் வயரில் ஒரு ஷாட்கி டையோடு வைத்துவிடுவது. அது ஏறத்தாழ 0.2 வோல்ட் குறைக்கும். அப்புறம் எஸ்ஆர்44 போடலாம். எல்ஆர்44 வேண்டாம், அது அல்கலைன். எஸ்ஆர் என்றால் சில்வர் ஆக்ஸைடு, வோல்ட் இறங்காமல் நிற்கும். பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் முதலில் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். அரிப்பு உள்ளே வயர்வரை போயிருக்கவும் வாய்ப்புண்டு.

மீட்டர் செத்தே இருந்தாலும் ஷட்டருக்கு அதனால் ஒன்றுமில்லை. ஐஎஸ்ஓ 400 ஃபிலிம், நல்ல வெயில் என்றால் எஃப்/16, 1/500. அங்கிருந்து இறங்கி வாருங்கள்.

இரண்டாம்திரை எழுதியது:

ஷட்டரைச் சோதிக்கச் செல்பேசி போதும். பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே வையுங்கள். செல்பேசியில் விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் பின்பக்கத்திலிருந்து எடுத்து, திரை திறந்திருக்கும் பிரேம்களை எண்ணுங்கள். 1 விநாடிக்கு 240, 1/8-க்கு 30, 1/30-க்கு 8 வரவேண்டும். 1/60-க்கு மேல் இந்தக் கணக்கு உதவாது.

வேகமான பக்கத்துக்கு ஒரே சீராக வெளுத்த சுவரையோ கணினித் திரையையோ பார்த்தபடி 1/1000-இல் அழுத்திக் கண்ணால் பாருங்கள். சட்டம் (ஒரு படம் விழும் இடம்) முழுக்க ஒரே வெளிச்சமாகத் தெரிய வேண்டும். பத்துத் தடவையாவது அழுத்துங்கள், முதல் இரண்டு தடவையை நம்பாதீர்கள்.

கருப்புவெள்ளை எழுதியது:

மிக்க நன்றி. ஸ்கிரீனை எடுத்தும் பட்டை இருக்கிறது, ஆக பிரிசம்தான். 1 விநாடிக்கு 300 பிரேம் வந்தது, 1/30-க்கு 9. ஆனால் 1/1000-இல் ஒரு ஓரம் இருட்டாக இருக்கிறது, 1/500-இல் லேசாக, 1/250-இல் ஒன்றுமில்லை. திரை கிழிந்திருக்குமா?

இரண்டாம்திரை எழுதியது:

கிழியவில்லை. 1/60-க்கு மேலே போகும்போது சட்டம் ஒரே நேரத்தில் முழுக்கத் திறப்பதில்லை. முதல் திரை ஓட, இரண்டாம் திரை அதன் பின்னாலேயே துரத்துகிறது. நடுவில் இருக்கும் இடுக்குதான் ஃபிலிம் மேல் நகர்கிறது. 1/1000-இல் அந்த இடுக்கு சுமார் 3 மி.மீ.தான். முதல் திரையின் உருளையில் பழைய எண்ணெய் காய்ந்திருந்தால் அது கடைசியில் தளர்கிறது, இரண்டாவது அதை எட்டிப் பிடிக்கிறது, இடுக்கு மூடிவிடுகிறது. அந்த ஓரம் கறுப்பது அதனால்தான்.

மருந்து சுத்தம் செய்து எண்ணெயிடுவது, பிறகுதான் ஸ்பிரிங் அழுத்தத்தைச் சரிசெய்வது. சிலர் சுத்தம் செய்யாமல் ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கித் தருவார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான், கூடவே திரையை இழுக்கும் நூலுக்கும் வலி. ‘எண்ணெய் மாற்றினீர்களா, திரை ஓடும் நேரம் அளந்தீர்களா’ என்று கேட்டு வாங்குங்கள். தையல் மெஷின் எண்ணெயை நீங்களே விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது பரவித் திரையிலும் மிரரிலும் ஏறும்.

1 விநாடி 300 பிரேம் என்பது 1.25 விநாடி, மூன்றில் ஒரு ஸ்டாப். நெகட்டிவ் ஃபிலிமில் தெரியவே தெரியாது. மெதுவேகப் பற்சக்கரங்கள் வறண்டிருக்கின்றன, அதே சர்வீஸில் சரியாகும். அதுவரை 1/250-க்குள் எடுத்தால் இப்போதே ரோல் போடலாம்.

மிரரை மேலே பூட்டும் குமிழ் இதில் உண்டு. பூட்டியபடி வெயிலில் லென்ஸைத் திறந்துவைத்து நடக்காதீர்கள். லென்ஸ் சூரியனைத் துணித்திரை மேல் குவித்து ஓட்டை போட்டுவிடும்.

வெள்ளிஉப்பு எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சர்வீஸ் செய்வதற்கு நிக்கான் எஃப்எம்2 வாங்கலாமே? 1982-இல் வந்தது, மேலிருந்து கீழே ஓடும் உலோகத் தகடு ஷட்டர், 1/4000 வரை, இதுவும் முழு மெக்கானிக்கல். பேட்டரி மீட்டருக்கு மட்டும். அதுவும் எல்லாக் கடையிலும் கிடைக்கும் இரண்டு எஸ்ஆர்44. பழைய, ஏஐ (துளை அளவைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் நிக்கான் முறை) ஆக்காத நிக்கான் லென்ஸை மட்டும் மாட்டக் கூடாது, மற்றபடி கவலையில்லை.

பற்சக்கரம் எழுதியது:

வெள்ளிஉப்பு சொல்வது சரி. தினமும் அடித்துப் புரட்டி எடுக்க எஃப்எம்2-தான் உறுதி. ஆனால் கேட்டவரின் கடைசிக் கேள்வி இன்னும் நிற்கிறது.

அளவு மட்டுமே காரணம் என்றால் நானும் எஃப்எம்2-வைத்தான் சொல்வேன். ஒலிம்பஸ் வடிவமைப்பாளர் மைத்தானி யோஷிஹிசா 1972-இல் ஓஎம்-1-ஐ எம்-1 என்ற பெயரில் கொண்டுவந்தபோது (ஜெர்மன் கேமரா நிறுவனமான லைக்கா அந்தப் பெயருக்கு மறுப்புச் சொன்னதால் அடுத்த ஆண்டு ஓஎம்-1 ஆனது) உடலைச் சிறிதாக்க ஒவ்வொரு பாகத்தையும் இடம் மாற்றி யோசித்தார். ஷட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை மேல்மூடியிலிருந்து எடுத்து மிரர் அறைக்கு அடியில் வைத்தார். அதனால்தான் வேக வளையம் லென்ஸ் பிடிப்பைச் சுற்றி வந்தது. லென்ஸின் முன்நுனியில் அபெர்ச்சர் (துளை அளவு), நடுவில் ஃபோகஸ், அடியில் வேகம். மூன்றும் இடதுகைக்குள் அடக்கம், கண்ணை எடுக்க வேண்டாம். திரையை இழுக்க அகலப் பட்டைக்குப் பதில் நூல். மிரர் மோதும் அதிர்வை வாங்க ஒரு காற்றுச் சிலிண்டர். அழுத்திப் பார்த்தால் அந்த அடக்கமான சத்தத்திலேயே அது தெரியும். இத்தனை சிறிய உடலில் வியூஃபைண்டர் படத்தில் விழுவதில் 97 சதவீதத்தைக் காட்டும், உருவம் 0.92 மடங்கு. எஃப்எம்2-இல் 93, 0.86.

பின்கதவைத் திறந்துவைத்து லீவரை ஒருமுறை மெதுவாக இழுங்கள். எட்டுப் பல் கொண்ட உருளை சரியாக ஒரு சுற்று சுற்றும். எட்டு ஓட்டை, 38 மி.மீ. ஃபிலிம், ஒரு சட்டம். அதே இழுப்பில் இரண்டு திரைகளும் சேர்ந்து பின்னுக்குப் போய் ஸ்பிரிங் ஏறுகிறது, மிரர் தயாராகிறது, எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. கட்டைவிரல் கொடுத்த பலம்தான் ஷட்டராக ஓடுகிறது, வேறு எந்தச் சக்தியும் உள்ளே இல்லை. எனக்கு இதன் அழகு அங்கேதான்.

மறக்காமல் இன்னொன்று. ரோல் முடிந்ததும் பலர் ஃபிலிமைத் திரும்பச் சுற்ற விடுவிக்கும் பட்டனை அடித்தட்டில் தேடி, கிடைக்காமல் சுற்றும் கைப்பிடியான கிராங்கைப் பலமாகச் சுற்றி ஃபிலிமைக் கிழித்துவிடுகிறார்கள். இதில் அது முன்பக்கத்தில், ‘ஆர்’ என்று எழுதிய சிறு குமிழ். அதைத் திருப்பிவிட்டுச் சுற்றுங்கள். கை சட்டென்று லேசானதும் ஃபிலிம் சுருளைவிட்டுக் கழன்றுவிட்டது என்று பொருள், அதன் பிறகு கதவைத் திறக்கலாம்.