புதுப்பிப்பு: டோபர்மோரி கப்பலைப் பார்த்தாச்சு
கனடாவின் ஒன்டாரியோ டோபர்மோரியில் ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' கப்பலை முக்குளித்துப் பார்க்க 7 மில்லிமீட்டர் வெட்சூட் (உள்ளே கொஞ்சம் நீர் புகும் ரப்பர் உடை) போதுமா, டிரைசூட் (நீரே புகாத உடை) வேணுமா என்று போன மாசம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் போதும் என்றீர்கள். வெட்சூட்டில் உடம்பு குளிரைத் தாங்கியது, விரல்தான் தாங்கவில்லை. வாடகைக் கையுறை வெறும் 3 மில்லிமீட்டர் (என் கஞ்சத்தனம்தான்). இருபது நிமிஷத்தில் மிதவைச் சட்டைக்குக் காற்றடைக்கும் பொத்தானை அமுக்குகிறேனா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இடுப்பில் கட்டும் ஈய எடையைக் குறைக்கச் சொன்னீர்களே, அது சரி. நன்னீர் என்பதால் கடலில் கட்டுவதைவிட 2 கிலோ குறைத்தேன்.

ஆனால் கப்பல் இருக்கிறதே! 1867-ல் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல், 1885-ல் மூழ்கியது, ஆழம் ஏறக்குறைய 6 மீட்டர்தான். பாய்மரங்கள் போய்விட்டன. முன்பக்கம் நங்கூரம் இழுக்கும் உருளை இன்னும் நிற்கிறது. மரத்தைத் துளைக்கும் கடல்புழு இந்த ஏரியில் கிடையாது, குளிரும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறது. உள்ளே நுழையக் கூடாது. நாம் விடும் குமிழிகள் மேல்தளத்துக்கு அடியில் சேர்ந்து பலகையைப் பெயர்த்துவிடும்.

டிரைசூட் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். பக்கத்திலேயே 1907-ல் எரிந்து மூழ்கிய நீராவிக் கப்பல் ஒன்று பாக்கி இருக்கிறது.