நிஃப்டி ஃபியூச்சர்ஸில் வால்யூம் புரொஃபைல்: சந்தையின் உள்நிலையை எதை வைத்துப் பார்ப்பது?

சென்னை53

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்கு இரண்டாவது ஷிப்ட். பிற்பகல் ஒன்றரைக்குக் கிளம்பினால் போதும் என்பதால், காலை 9:15 முதல் பன்னிரண்டரை வரை நிஃப்டி ஃபியூச்சர்ஸில், அதாவது நிஃப்டி குறியீட்டின் மீதான மாத ஒப்பந்தத்தில், ஒரு லாட் (வாங்கக்கூடிய மிகச் சிறிய அளவு) மட்டும் தினவணிகம் செய்கிறேன்.

எஸ் அண்ட் பி 500 ஃபியூச்சர்ஸ் பற்றிய ஓர் அமெரிக்கரின் வீடியோக்களைப் பார்த்து வால்யூம் புரொஃபைல் (எந்த விலையில் எவ்வளவு கைமாறியது என்று காட்டும் படம்) கற்றுக்கொண்டேன். முந்தைய நாள் அதிக வால்யூம் நடந்த விலை, அதாவது பி.ஓ.சி., பிறகு வேல்யூ ஏரியாவின் (வால்யூமின் பெரும்பகுதி நடந்த விலைப் பகுதி) மேல் எல்லை, கீழ் எல்லை என மூன்று கோடுகள் போட்டுவிடுகிறார். விலை கோட்டருகே வரும்போது நியூயார்க் சந்தையின் உள்நிலையைக் காட்டும் டிக், ட்ரின் என்ற எண்கள், ஏறிய பங்குகள் எத்தனை இறங்கியவை எத்தனை என்று பார்த்துவிட்டு வாங்குகிறார், அல்லது சும்மா இருந்துவிடுகிறார்.

நான் நிஃப்டி 50 குறியீட்டுச் சார்ட்டின் மீதே புரொஃபைல் போட்டிருக்கிறேன். போன வியாழக்கிழமை விலை கீழ் எல்லைக்கு வந்து நின்றது. 50 பங்குகளில் 33 பச்சை, 17 சிவப்பு. வீடியோவின்படி அது வாங்க வேண்டிய இடம். ஆனால் விலை அந்த எல்லையை மதிக்கவே இல்லை, கீழே போய்க்கொண்டே இருந்தது. 33 பங்குகள் ஏறும்போது குறியீடு எப்படி இறங்குகிறது? டிக், ட்ரின் போன்றவை நமக்கு எங்கே கிடைக்கும்?

மாடம்பாக்கத்தான்

2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வைப் படித்தீர்களா? 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் (எஃப் அண்ட் ஓ) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கோடு எங்கே போடுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

செகண்ட்லைன்பீச்

மாடம்பாக்கத்தார் சொல்வது சரிதான். ஆனால் தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். செகண்ட் லைன் பீச்சில் சென்னைப் பங்குச் சந்தை இயங்கிய காலத்தில் ஒரு தரகரிடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இப்போது நங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு சிறிய அளவில் செய்கிறேன்.

குறியீடு என்பது ஒரு கணக்கு. அதை யாரும் வாங்குவதில்லை, விற்பதில்லை. அதற்கென்று வால்யூம் கிடையாது. குறியீட்டுச் சார்ட்டில் தெரிவது பெரும்பாலும் 50 பங்குகளிலும் கைமாறிய எண்ணிக்கையின் கூட்டல். அந்தக் கூட்டல் எவ்வளவு அபத்தம் என்று பாருங்கள். 150 ரூபாய் விலையுள்ள எஃகுப் பங்கு ஒரு கோடி கைமாறினால் 150 கோடி ரூபாய். 12,000 ரூபாய் விலையுள்ள கார் பங்கு ஒரு லட்சம் கைமாறினால் 120 கோடி ரூபாய். பணமாகப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. உங்கள் புரொஃபைலிலோ எஃகு நூறு மடங்கு கனம். அதன் மேல் நீங்கள் போட்ட பி.ஓ.சி. கோடு நிஃப்டியைப் பற்றி எதுவும் சொல்லாது. நடப்பு மாத ஃபியூச்சர்ஸ் சார்ட்டில் போடுங்கள். அங்கேதான் நீங்கள் வாங்கும் பொருளே விற்பனையாகிறது.

இனி அந்த 33 பச்சை. நிஃப்டியில் ஒவ்வொரு பங்குக்கும் ஓர் எடை உண்டு. எச்.டி.எஃப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, ரிலையன்ஸ் மூன்றும் தலைமாட்டில் இருப்பவை. நிதித்துறை மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கணக்குக்காக நிஃப்டி 24,000 என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 13 சதவீத எடையுள்ள ஒரு வங்கி ஒரு சதவீதம் இறங்கினால் குறியீட்டில் 31 புள்ளி போயிற்று. 9 சதவீத எடையுள்ள இன்னொரு வங்கி 0.8 சதவீதம் இறங்கினால் மேலும் 17. மொத்தம் 48. எதிர்ப்பக்கம் 33 சிறிய பங்குகளுக்கும் சேர்த்து எடை 30 சதவீதம், அவை சராசரியாக 0.2 சதவீதம் ஏறியிருக்கின்றன என்றால் கிடைப்பது 14 புள்ளிதான். திரை முழுக்கப் பச்சை, குறியீடு 34 புள்ளி கீழே. உங்கள் வியாழக்கிழமையும் இந்த வகையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நியூயார்க்கின் டிக் என்பது, கடைசி வணிகம் முந்தையதைவிட மேலே நடந்த பங்குகளிலிருந்து கீழே நடந்தவற்றைக் கழித்து வரும் எண். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் இருப்பதால்தான் அங்கே அது 1,000-ஐத் தொட்டால் கவனிக்கிறார்கள். ஐம்பது பங்கை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் எண் நொடிக்கு நொடி குதிக்கும், வேறொன்றும் தெரியாது. ட்ரின், ரிச்சர்ட் ஆர்ம்ஸ் 1967-இல் கொடுத்தது. ஏறிய–இறங்கிய பங்குகளின் விகிதத்தை, அவற்றின் வால்யூம் விகிதத்தால் வகுப்பது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஏறும் பங்குகளில் வால்யூம் கூடுதல் என்று பொருள். நம் ஐம்பதில் ஒரே ஒரு பங்கில் மொத்தமாக ஒரு பெரிய (பிளாக்) வணிகம் நடந்தால் அதுவும் கெட்டுப்போகும்.

நான் செய்வது இதுதான். எடையில் முதல் பத்துப் பங்குகளைத் தனியாக ஒரு பட்டியலில் வைத்திருக்கிறேன். எடைகளை என்.எஸ்.இ. மாதந்தோறும் வெளியிடுகிறது. ஒவ்வொன்றும் அன்றைய வீவாப்புக்கு (வால்யூமைக் கணக்கில் எடுத்த அன்றைய சராசரி விலை) மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். மேலே இருப்பவற்றின் எடையைக் கூட்டு, கீழே இருப்பவற்றைக் கழி. தொடர்ந்து கூட்டல் பக்கம் இருந்தால் வாங்கும் பக்கம் மட்டும், கழித்தல் பக்கம் இருந்தால் விற்கும் பக்கம் மட்டும் யோசிப்பேன். இரண்டு வங்கிகளும் ரிலையன்ஸும் எதிரெதிர்த் திசையில் போகும் நாளில் டீ குடிக்கப் போய்விடுவேன். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் பட்டியல் கிடையாது, தளத்தில் தரகர்களின் கூச்சல் எந்தப் பங்கைச் சுற்றி என்று காது சொல்லிவிடும். அதைவிட இது மோசமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் கற்பனை. நேற்றைய வேல்யூ ஏரியா, அதாவது வால்யூமில் 70 சதவீதம் நடந்த பகுதி, 24,380 முதல் 24,510 வரை. பி.ஓ.சி. 24,460. இன்று 24,340-இல் திறக்கிறது, அதாவது எல்லைக்கு வெளியே, கீழே. அரை மணி நேரத்தில் ஏறி 24,380-ஐத் தாண்டுகிறது. உடனே வாங்க மாட்டேன். 9:45-க்கும் 10:15-க்கும் முடியும் இரண்டு அரைமணிக் கட்டங்களும் எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும். அதோடு வங்கிகள் இரண்டும் வீவாப்புக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 24,390-இல் வாங்கி, ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை ஏற்று வெளியேறும் விலை) 24,355, இலக்கு 24,460. லாட் 75 என்று வைத்தால் (மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்) போனால் 2,625 ரூபாய், வந்தால் 5,250. வரவில் விற்பனை வரியும் கழியும். 2024 அக்டோபர் 1 முதல் ஃபியூச்சர்ஸ் விற்பனையில் 0.02 சதவீதம் ஆனபோதே, இந்த விற்பனைக்கு அது சுமார் 367 ரூபாய். ஐந்து புள்ளி! பத்துப் புள்ளி லாபத்துக்கு உள்ளே போய் வெளியே வருபவர்கள் யாருக்காக உழைக்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளட்டும்.

பெருங்குடி_தரவு

ஐயா சொன்ன எடைக் கணக்கு அருமை. இரண்டு இடங்களில் மட்டும் மாறுபடுகிறேன்.

இரண்டு அரைமணிக் கட்டம் உள்ளே நின்றால் மறு எல்லை வரை போகும் என்பதைத்தான் எண்பது சதவீத விதி என்கிறார்கள். சிகாகோ போர்டு ஆஃப் டிரேடில் பீட்டர் ஸ்டைடில்மேயர் உருவாக்கிய மார்க்கெட் புரொஃபைல் வழியில் வந்தது அது. நிஃப்டியின் பழைய தரவை எடுத்து நானே சோதித்துப் பார்த்தேன், எண்பதுக்கு அருகில்கூட வரவில்லை. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் நடக்கும் நிஃப்டி ஃபியூச்சர்ஸான கிஃப்ட் நிஃப்டி காலை 6:30-க்கே தொடங்கிவிடுகிறது. இரவுச் செய்தியெல்லாம் அங்கே விலையாகிவிட்ட பிறகுதான் 9:15 வருகிறது. முதல் அரைமணியில் நடப்பதில் பாதி அந்த இடைவெளியைச் சரிசெய்யும் வேலை.

அடுத்தது, உங்கள் சார்ட் மென்பொருள் புரொஃபைலை எதிலிருந்து கட்டுகிறது என்று பாருங்கள். பலவற்றில் ஒவ்வொரு வணிகமும் வருவதில்லை. ஒரு நிமிடப் பட்டையின் வால்யூமை அதன் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே பரப்பிவிடுகிறார்கள். அதே நாளுக்கு இரண்டு மென்பொருளில் பி.ஓ.சி. பத்துப் புள்ளி தள்ளி இருப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே கோடாக நினைக்காமல் ஒரு பட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் எத்தனை, விற்றவர் எத்தனை என்று பிரித்துக் காட்டும் டெல்டா எண்ணை இந்தத் தரவில் நான் தொடுவதே இல்லை. நொடிக்கு ஒருமுறை வரும் படத்தை வைத்துக்கொண்டு இடையில் நடந்ததை ஊகிக்கிறார்கள்.

வேளச்சேரி_இரவு

நடுவில் ஒரு கேள்வி. அமெரிக்கச் சந்தை நமக்கு இரவு ஏழு அல்லது எட்டு மணிக்குத்தான் திறக்கிறது. டிக், ட்ரின் எல்லாம் அங்கே தயாராக இருக்கும்போது நேராக அங்கேயே எஸ் அண்ட் பி ஃபியூச்சர்ஸ் செய்தால் என்ன?

பெருங்குடி_தரவு

தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில், வெளிநாட்டுச் சந்தைகளுக்கு மார்ஜின் (ஒப்பந்தத்துக்கான பிணைத்தொகை) கட்டப் பணம் அனுப்ப அனுமதி இல்லை. பங்கு வாங்கலாம், மார்ஜின் கட்டும் ஃபியூச்சர்ஸ் கூடாது. வழி இருக்கிறது என்று செய்தி அனுப்புபவர்களுக்குப் பதில் போடாதீர்கள்.

செகண்ட்லைன்பீச்

அம்மா, எண்பதை நானும் நம்புகிறவன் இல்லை. அதனால்தான் இலக்கை மறு எல்லையில் வைக்காமல் பி.ஓ.சி.யோடு நிறுத்தினேன். பட்டையாக வைப்பது நல்ல யோசனை. என் 24,460-ஐ 24,455 என்று எழுதிக்கொள்கிறேன்.

சென்னை53

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. ஃபியூச்சர்ஸ் சார்ட்டுக்கு மாற்றிவிட்டேன், கோடுகள் வேறு இடத்தில் விழுகின்றன. ஒரே ஒரு சந்தேகம். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடியும் வாரத்தில் எந்த மாதத்தின் புரொஃபைலைப் பார்ப்பது?

செகண்ட்லைன்பீச்

2025 செப்டம்பரிலிருந்து மாத ஒப்பந்தம் கடைசிச் செவ்வாய்க்கிழமை முடிகிறது. அதற்கு முந்தைய சில நாள்களில் வால்யூம் அடுத்த மாதத்துக்கு நகரும். தினமும் மாலை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதில் வால்யூம் கூடுதலோ அதன் கோடுகளை மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாத விலை நடப்பு மாதத்தைவிடச் சில பத்துப் புள்ளிகள் மேலே இருப்பது வழக்கம், ஆகவே பழைய ஒப்பந்தத்தின் 24,460-ஐப் புதியதில் அப்படியே போட்டுவிடாதீர்கள். இரண்டும் சமமாகக் கலைந்து கிடக்கும் நாள் ஒன்றிரண்டு வரும். அன்று சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்புங்கள்.