பெயர் கேட்காமல் கொடுக்க முடியாதா? அரசுப் பள்ளி அனுபவங்கள்

ஆசிரியை, நீடாமங்கலம் பக்கம்

22 வருஷமாக அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். என்னால் ஒரு பையனுக்கு நேர்ந்ததை எழுதிவிட்டு, உங்கள் அனுபவங்களையும் கேட்கலாம் என்று நினைத்தேன்.

பள்ளி திறந்து ஒன்றிரண்டு மாதத்தில் கல்வி உதவித்தொகை வேலை வந்துவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தக நகல் எல்லாம் சேகரிக்க வேண்டும். அவசரத்தில் என்ன செய்வோம் என்றால், வகுப்புக்குள் போய் "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எழுந்திரிங்க" என்று சொல்லித் தலையை எண்ணுவோம். எனக்குப் பாடம் சொன்னவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

நாலு வருஷத்துக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்திருக்கவில்லை. பட்டியல் என் கையில் இருந்தது. "உன் பேரு இருக்கேடா, ஏன் உட்காந்திருக்கே?" என்று கேட்டேன். எழுந்தான். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா நடவு முடிந்து வந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பையன் உள்ளே போய்விட்டான்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "சத்துணவுல கூட உட்காருற பையன் ஒருத்தன் தினம் மஞ்சக்கருவ இவனுக்குக் குடுத்துட்டு வெள்ளைய வாங்கிக்குவான் டீச்சர். நீங்க எழுப்பிவிட்ட அன்னிக்கு அவன் தட்ட எடுத்துக்கிட்டு வேற பக்கம் போயிட்டானாம்" என்றார்.

பையன் அடுத்த வாரம் வந்துவிட்டான். ஆனால் அந்த முட்டைப் பங்கு மறுபடி நடக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவன் தட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

நான் கேட்ட விவரம் முழுக்க சேர்க்கைப் பதிவேட்டிலேயே இருக்கிறது, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்திலும் இருக்கிறது. பிள்ளையைக் கேட்டிருக்கவே வேண்டாம். இப்போது பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எடுக்கிறோம். பெற்றோருக்குத் தனித்தனியாகப் போன் செய்கிறோம். தாள் கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்டிய கவர் போகும். சிலருக்கு உள்ளே விண்ணப்பம், சிலருக்கு வருகை விவரம். ஆசிரியர்களுக்கு இரண்டு சாயங்காலம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சாதியை வைத்து, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்று 2024 ஜூனில் சொன்னது. படித்தபோது அந்தப் பையன் முகம்தான் வந்தது.

உங்கள் பள்ளிகளில் எப்படி?

காலை உணவு சமையலர், பாபநாசம் பக்கம்

டீச்சர், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் பள்ளியில் சாதியை வைத்துப் பெரிதாக எதுவும் என் கண்ணில் படவில்லை. பசியில்தான் பார்த்தேன்.

2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளைப் பள்ளியில் தொடங்கி வைத்து, காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்தார்களே, அப்போது சுய உதவிக் குழு வழியாகச் சேர்ந்தேன். என் மகளும் இங்கேதான் படிக்கிறாள். விடிகாலை ஐந்தரைக்கு வந்துவிடுவேன். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு, அப்புறம் காய். எட்டேகாலுக்குத் தட்டு வைத்துவிட வேண்டும். எங்கள் ஊரில் கேஸ் அடுப்புதான், கான்கிரீட் கூரைதான். ஆனாலும் பற்ற வைக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு நிமிஷம் கும்பகோணம் ஞாபகம் வரும். 2004 ஜூலை 16, பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்தத் தீயும் சமையல் கொட்டகைக் கூரையில் பிடித்ததுதான். எங்கள் பக்கத்தில் அதை மறந்துவிட்டு யாரும் பள்ளிக்கூடத்தில் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் மற்ற நாளைவிட அதிகம் சாப்பிடுகிறார்கள். சனி, ஞாயிறு வீட்டில் என்ன இருந்திருக்கும் என்று அதை வைத்தே தெரிந்துகொள்வேன். நடவுக் காலத்தில் அம்மாக்கள் ஆறு மணிக்கே வயலுக்குப் போய்விடுவார்கள். பழைய சோறு இருந்தால் உண்டு.

இந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எங்களுடையது எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. ஆறாவது படிக்கிற ஒரு பெண் தினமும் தம்பியைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு, சுவர் ஓரம் போய் நின்றுகொள்வாள். போன வருஷம் வரைக்கும் இதே பந்தியில் சாப்பிட்ட பெண். "நீ சாப்பிட்டியாம்மா?" என்றால் "ம், ஆச்சுக்கா" என்பாள். தம்பி ஒருநாள் பொங்கலில் ஒரு கவளத்தை உருட்டிக் கைக்குள் மறைத்து எடுத்துப் போய்க் கொடுத்ததைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அழுதுவிட்டேன். நெல் போட்டிருக்கும் ஒருவர் தை அறுவடை முடிந்ததும் இரண்டு மூட்டை அரிசி அனுப்பினார். அப்புறம் எப்படிக் கொடுப்பது என்று பேச்சு வந்தது. "யாரெல்லாம் சாப்பிடாம வர்றீங்கன்னு கை தூக்கச் சொல்லலாம்" என்று ஒருவர் சொன்னார். தலைமை ஆசிரியர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் எல்லாருக்கும் தட்டு வைத்தோம். வேண்டாதவர்கள் வேண்டாம் என்று சொல்லட்டும். முதல் வாரம் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். மூன்றாம் வாரம் எழுந்து போகிறவர்களே இல்லை.

பங்குனியோடு அரிசி தீர்ந்துவிட்டது. ஊர்க்காரர் ஒருவருடைய நல்ல மனசை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? எட்டாம் வகுப்பு வரைக்கும் அரசே கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதில்தானே பிள்ளைகள் வளர்கிறார்கள்.

நர்சிங் மாணவி, ஊர் தலைஞாயிறு பக்கம்

அக்கா, அந்தச் சுவர் ஓரத்தில் நின்ற பெண் நான்தான் என்று தோன்றியது.

ஒன்பதாவது படிக்கும்போது வியாழக்கிழமை என்றால் எனக்குப் பயம். அன்றைக்குத்தான் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். முதல் பீரியடிலேயே டீச்சர் முன்னால் விழுங்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அப்புறம் நாக்குக்கு அடியில் வைத்திருந்து வெளியே போய்த் துப்பிவிடுவேன். நான் மட்டும் இல்லை, நிறையப் பேர் அப்படித்தான். சாப்பாட்டுக்கு அப்புறம் போட வேண்டும் என்பதை நர்சிங் சேர்ந்த பிறகுதான் படித்தேன். மதியச் சத்துணவு முடிந்து கொடுத்திருந்தால் அத்தனை மாத்திரையும் உள்ளே போயிருக்கும்.

கழிப்பறை பற்றியும் சொல்ல வேண்டும். கட்டடம் இருந்தது, தண்ணீர் இல்லை. அதனால் காலையிலிருந்து நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். நீர்க்கடுப்பு வந்து ஆரம்ப சுகாதார நிலையம் போனபோது, அங்கிருந்த நர்ஸ் அக்கா "பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கிறியா?" என்றுதான் முதலில் கேட்டார். அதுவரைக்கும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. புதுயுகம் திட்டத்தில் நாப்கின் ஒழுங்காகக் கொடுத்தார்கள். மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு இல்லை. அந்த மூன்று நாள் நாங்கள் லீவு. லீவு லெட்டரில் எல்லாரும் காய்ச்சல் என்று எழுதுவோம். ஆண்டு முடிவில் வருகைக் குறைவு என்று திட்டும் வாங்குவோம்.

இப்போது, அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் உதவுகிறது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் என்னுடன் ஒன்பதாவது படித்த மூன்று பேர் அந்தப் பணம் வாங்கும் இடம் வரைக்கும் வரவே இல்லை.

ஒரு அப்பா, வேதாரண்யம் பக்கம்

எழுதிப் பழக்கமில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த ராத்திரி என் மகனுக்கு ஏழு வயது. ஓடு பறந்து, நாங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். பள்ளி திறந்த பிறகு காற்று கொஞ்சம் பலமாக வீசினாலும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். அவனுடைய டீச்சர் அதட்டவில்லை. தானும் பெஞ்சுக்கு அடியில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அவருடைய வீட்டுக் கூரையும் போயிருந்தது. டீச்சர் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போகும்போது பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஆசிரியை, நீடாமங்கலம் பக்கம்

எல்லாருடையதையும் படித்தேன். தங்கச்சி, எங்கள் பள்ளியிலும் மாத்திரையைக் காலையில்தான் கொடுத்துவந்தோம். இன்று தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். வரும் வியாழன் முதல் சத்துணவு முடிந்து, தட்டு கழுவி வந்த பிறகுதான். பெண் பிள்ளைகள் கழிப்பறையை நானே போய்ப் பார்த்தேன். இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நாளைக்கு ஆசாரி வருகிறார்.

பாபநாசம் அம்மா, ஆறாவது படித்த அந்தப் பெண் இப்போது எந்த வகுப்பு? பள்ளிக்கு வருகிறாளா?

காலை உணவு சமையலர், பாபநாசம் பக்கம்

ஏழாவது போய்விட்டாள் டீச்சர். தினமும் வருகிறாள். அரிசி தீர்ந்த பிறகு மறுபடி சுவர் ஓரம்தான் நிற்கிறாள். நான் வீட்டிலிருந்து என் மகளுக்குக் கொண்டுவருகிற டப்பாவில் இரண்டு இட்லி கூட வைத்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். எடுத்துக்கொள் என்று சொல்வதில்லை. திரும்பி வரும்போது டப்பா கழுவி வைத்திருக்கும்.